செய்யாத கொலையின் பாவம்

யுத்தம் தர்மமாகுமா என்ற கேள்விக்கு உலகின் சமயங்கள் அனைத்தும் ஏதோ ஒரு வகையில் விடை சொல்லியிருக்கின்றன. சில சமயங்கள் அதற்கு அனுமதி தந்து எல்லை வகுத்தன, சில அறவே விலக்கின, வேறு சில அரசனுக்கு ஒரு நீதியும் துறவிக்கு ஒரு நீதியுமாகப் பிரித்துவைத்துத் திருப்தி அடைந்தன. ஆயினும், எக்காரணம் கொண்டும் நடத்தக் கூடாத ஒரு யுத்தத்தை, தேவை நேர்ந்தால் நடத்தியே தீருவேன் என்று நாற்பது ஆண்டுக் காலம் சங்கல்பம் செய்துகொண்டு, அந்தச் சங்கல்பத்தின் வலிமையாலேயே அந்த யுத்தம் வராமல் தடுப்பது தர்மமா என்ற கேள்வியைப் பழைய சாஸ்திரகாரர்கள் எவரும் எதிர்கொள்ள நேர்ந்ததில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கா ஒரு புறமும் சோவியத் யூனியன் மறு புறமுமாக நின்று நடத்திய பனிப்போர்தான் அக்கேள்வியை மனித குலத்தின் முன் கொண்டுவந்து வைத்தது. அரசியல் அறிஞர்கள் அதை ராஜதந்திரப் பிரச்சினையாக ஆராய்ந்து அலமாரி அலமாரியாக நூல்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்கோ அது முதலாவதாக ஆத்ம விசாரத்துக்கு உரிய பிரச்சினையாகவே தோன்றுகிறது. ராஜதந்திரம் அதற்குப் பின்னால்தான்.

இரு வல்லரசுகளும் தங்கள் பகையை ஏறக்குறைய ஒரு சமயப் பகையாகவே வருணித்துக்கொண்டன. 1954 ஜூன் மாதத்தில் அமெரிக்கா தன் கொடி வணக்க உறுதிமொழியில் கடவுளின் பெயரைச் சேர்த்தது; 1956இல் கடவுள் நம்பிக்கையைப் பறைசாற்றும் வாசகமே நாட்டின் குறிக்கோள் வாசகமென்று சட்டமாயிற்று. சோவியத் அரசோ 1931இலேயே மாஸ்கோவின் கிறிஸ்து இரட்சகர் பேராலயத்தை வெடிவைத்துத் தகர்த்திருந்தது. பின்னாளில் அந்த இடத்தில் ஒரு பெரிய நீச்சல் குளம் வந்தது. இவ்வாறு ஒருவர் ஆஸ்திகத்தின் காவலராகவும் மற்றவர் நாஸ்திகத்தின் தூதராகவும் தம்மை நிறுத்திக்கொண்டபோதிலும், அணுகுண்டு என்ற விஷயத்துக்கு வந்தால் இருவருடைய நடத்தையிலும் யாதொரு வித்தியாசமும் காணோம். நியூ மெக்சிகோ பாலைவனத்தில் 1945 ஜூலை 16 அன்று நடந்த முதல் வெடிப்புச் சோதனைக்குக் கிறிஸ்தவ வேதாந்தத்தின் பரம இரகசியமாகிய திரித்துவத்தின் பெயரை இட்டார்கள். சோவியத் குண்டு உருவான அர்ஸமாஸ்-16 என்னும் மறைநகரமோ, ரஷ்ய மக்கள் நெஞ்சார வணங்கிய புனித செராஃபிம் தவம் செய்த சாரோவ் மடத்தைச் சுற்றியே 1946இல் எழுந்தது; துறவிகளை வெளியேற்றிய இடத்தில் விஞ்ஞானிகள் குடியேறினார்கள்.

நாகசாகியின் கதை இன்னும் கொடியது. 1945 ஆகஸ்ட் 9 அன்று குண்டு வெடித்தது அந்நகரின் உரகாமி என்னும் பகுதிக்கு மேலே. தலைமுறை தலைமுறையாக அரச அடக்குமுறைக்குத் தப்பி, குருமார் ஒருவரும் இல்லாமலே, தம் விசுவாசத்தை இரகசியமாகக் காத்துவந்த ஜப்பானியக் கத்தோலிக்கர்களின் சந்ததியார் வாழ்ந்த இடம் அது; தம் கையால் செங்கல் அடுக்கி அவர்கள் எழுப்பிய பேராலயம் அங்கே நின்றது. குண்டு விழுந்த வேளையில் அந்த ஆலயத்திலே பாவசங்கீர்த்தனம் நடந்துகொண்டிருந்தது. அப்பங்கைச் சேர்ந்த ஏறத்தாழ 12,000 பேரில் 8,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஜப்பானின் பழைய ஆட்சியாளர்கள் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் முயன்றும் ஒழிக்க முடியாத ஒரு திருச்சபையின் பெரும்பகுதியை, கிறிஸ்தவக் குருவின் ஜபத்தோடு புறப்பட்ட விமானம் ஒன்று கண் இமைக்கும் நேரத்தில் ஒழித்துவிட்டது.

ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் விழுந்த அந்த இரண்டு குண்டுகளைப் பற்றித் தர்க்கம் செய்வது ஒருவகையில் எளிது. நடந்துவிட்ட செயலைப் பற்றிய விசாரணை அது. நான் பேச வந்தது நடவாத செயலைப் பற்றி. 1961 அக்டோபர் 30 அன்று சோவியத் யூனியன் நோவயா ஸெம்லியா தீவில் வெடித்துக் காட்டிய குண்டு, ஹிரோஷிமாவில் விழுந்ததைப் போல் மூவாயிரம் மடங்குக்கும் அதிகமான சக்தி உடையது. அமெரிக்காவின் கையிருப்பு 1967 வாக்கில் 31,000 ஆயுதங்களைத் தாண்டியது. சோவியத் கையிருப்பு 1986இல் ஏறத்தாழ 40,000 ஆயிற்று. இத்தனையும் உபயோகிப்பதற்கு அன்று, உபயோகிக்காமல் இருப்பதற்கே என்பது இரு தரப்பாரும் சொன்ன சமாதானம். அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சராக இருந்த மக்நமாரா இதற்கு ஒரு கணக்கே போட்டார்: முதலில் தாக்குண்ட பிறகும் எதிரியின் மக்கள் தொகையில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரையும், தொழில் வளத்தில் பாதியையும் அழிக்கும் ஆற்றல் நிச்சயமாக நம்மிடம் இருக்குமானால், எந்த எதிரியும் நம்மைத் தாக்கத் துணியமாட்டான். நன்கு படித்த, குடும்பஸ்தரான, தேவாலயத்தில் பொறுப்பு வகித்த ஒரு மனிதர், சில கோடிப் பெண்டு பிள்ளைகளின் மரணத்தை ஒரு விழுக்காடாக எழுதி, அதற்கு மேல் குண்டு சேர்த்தால் செலவுக்கேற்ற பயன் இல்லை என்றும் குறித்துவைத்தார். அவரைக் கொடியவர் என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் கணக்கைப் போடுவதற்குக் கொடியவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனதுதான் அக்காலத்தின் விசேஷம்.

இங்கே ஒருவர் குறுக்கிட்டு, அது வெறும் மிரட்டல்தானே, உள்ளூர அவர்கள் செய்ய நினைத்ததில்லையே, மிரட்டுவது எப்படிக் கொலைப் பாவம் ஆகும் என்று கேட்கலாம். தனி மனிதன் ஒருவன் பொய்யாக மிரட்டலாம். வாயில் ஒன்றும் மனத்தில் ஒன்றுமாக அவன் இருந்துவிட முடியும். ஒரு தேசம் அவ்வாறு இருக்க முடியாது. ஏனெனில் தேசத்தின் மனம் என்பது ஒரே தலைக்குள் இருப்பது அன்று; நிலத்தடி அறைகளிலும் நீர்மூழ்கிக் கப்பல்களிலும் இரவு பகலாகக் காத்திருந்த ஆயிரக்கணக்கான இளைஞர்களிடம் அது பங்கிட்டுக் கொடுக்கப்பட்டிருந்தது. அமெரிக்காவின் மினிட்மேன் ஏவுகணைகளுக்கு உரிய நிலத்தடிக் காவல் அறையில் எப்போதும் இரண்டு அதிகாரிகள் இருப்பார்கள்; இருவரிடமும் ஒவ்வொரு சாவி; ஒருவரே இரண்டையும் திருப்பிவிடாதபடி சாவித் துளைகள் எட்டாத தூரத்தில் அமைக்கப்பட்டிருக்கும்; கட்டளை வந்தால் இருவரும் ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். தலைவர் மனத்துக்குள் வேண்டுமானால் நடித்துக்கொண்டிருக்கலாம். சாவியைக் கையில் வைத்திருப்பவன் நடிக்கிறான் என்று எதிரிக்குத் தெரிந்துவிட்டால் அந்த ஏற்பாடு முழுவதும் பயனற்றுப் போகும். ஆகவே அவனை உண்மையாகவே கொலைக்கு ஆயத்தமானவனாகச் செய்தார்கள், ஆயத்தமாகாதவனை விலக்கினார்கள்.

விலக்கப்பட்டவர்களுள் ஒருவரின் வரலாறு பதிவாகியிருக்கிறது. வியட்நாம் போரில் மீட்பு விமானியாகப் பணியாற்றி விருது பெற்ற மேஜர் ஹாரல்ட் ஹெரிங், 1973இல் கலிஃபோர்னியாவின் வாண்டன்பர்க் தளத்தில் ஏவுகணைப் பயிற்சியில் இருந்தபோது வகுப்பிலே ஒரு கேள்வி கேட்டார்: சாவியைத் திருப்பும்படி எனக்கு வரும் கட்டளை, சித்த சுவாதீனமுள்ள ஒரு ஜனாதிபதியிடமிருந்துதான் வந்தது என்று நான் எப்படி அறிந்துகொள்வது? கட்டளைக்குக் கீழ்ப்படிய மறுத்தவர் அல்லர் அவர்; கட்டளை நியாயமாகப் பிறந்ததா என்று மட்டுமே கேட்டார். அதை அறிந்துகொள்ள வேண்டிய அவசியம் அந்த அதிகாரிக்கு இல்லை என்பது விமானப் படை தந்த விடை. அவர் பயிற்சியிலிருந்து நீக்கப்பட்டார். மேல்முறையீடு செய்தும் பயனின்றி அவருடைய இராணுவ வாழ்வு முடிந்துபோயிற்று. அந்த ஏற்பாட்டின் தர்க்கப்படி பார்த்தால் விமானப் படை செய்தது முற்றிலும் சரியே. மனச்சாட்சி உள்ளவன் தாமதிப்பான் என்று எதிரி அறிந்தால் அச்சம் குறைந்துவிடுமல்லவா?

இனி, சமயவாதிகள் என்ன செய்தார்கள் என்று பார்க்கலாம். தீய எண்ணமே தீவினை என்பதில் உலகச் சமயங்களிடையே ஆச்சரியமான ஒற்றுமை உண்டு. பிறன் மனைவியை இச்சையோடு நோக்கியவன் உள்ளத்தால் விபசாரம் செய்தாயிற்று என்பது இயேசுவின் உபதேசம். ஜைன ஆசாரியர்கள் ஹிம்சையை எண்ணத்தால் நிகழ்வது என்றும் செயலால் நிகழ்வது என்றும் பிரித்து, முன்னதையே வேராகக் கொண்டார்கள். பிறர் பொருளைக் கவர மனத்தால் நினைப்பதையும் குற்றமென்றே வள்ளுவர் வைத்தார். இத்தனை தெளிவான அடிப்படை இருந்தும், மேலை நாட்டுத் தேவாலயங்கள் இவ்விஷயத்தில் நெடுங்காலம் தயங்கியே பேசின. 1956இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம், அந்த இரண்டு குண்டுகளும் விழுந்தபோது அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ட்ரூமனுக்குக் கௌரவப் பட்டம் வழங்க முற்பட்டபோது, எலிசபெத் ஆன்ஸ்கோம் என்னும் தத்துவப் பேரறிஞர், குற்றமற்றவர்களைக் கொல்வதை ஒரு நோக்கத்துக்குச் சாதனமாகத் தேர்ந்துகொள்வது எந்நிலையிலும் கொலையே என்று எழுந்து எதிர்த்தார். அவர் பக்கம் நின்றவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலரே. ஒன்பது ஆண்டுகள் கழித்து இரண்டாம் வத்திக்கான் சங்கம், முழு நகரங்களை அவற்றின் குடிகளோடு பேதமின்றி அழிப்பது கடவுளுக்கும் மனிதனுக்கும் விரோதமான குற்றமென்று தீர்மானமாகக் கண்டித்தது. அழிப்பதாகச் சொல்லி அச்சுறுத்துவதை மட்டும் அதே வேகத்தோடு கண்டிக்க அதற்கு மனம் வரவில்லை. 1982இல் ஐக்கிய நாடுகள் சபைக்கு அனுப்பிய செய்தியில் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால், ஆயுதக் குறைப்பை நோக்கிய பயணத்தில் ஒரு கட்டமாக இருக்குமானால், அச்சுறுத்தித் தடுக்கும் அந்த ஏற்பாட்டை இன்னும் ஒழுக்கத்துக்கு ஏற்றதாகக் கொள்ளலாம் என்றார். மறு ஆண்டு மே மாதம் சிகாகோவில் கூடிய அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்களும், பெருத்த விவாதத்துக்குப் பிறகு, கடுமையான நிபந்தனைகளோடு அவ்விதமே அங்கீகரித்தார்கள்.

பிரின்ஸ்டனில் பேராசிரியராக இருந்த பால் ராம்ஸே என்னும் மெதடிஸ்ட் அறிஞர் சொன்ன ஓர் உவமை இங்கே மறக்கத்தக்கதன்று: விடுமுறை நாளில் சாலை விபத்துகளை அறவே ஒழிக்க வேண்டுமானால், ஒவ்வொரு காரின் முன்புறத்திலும் ஒரு கைக்குழந்தையைக் கட்டிவைத்தால் போதும், விபத்தே நேராது, ஒரு குழந்தைக்கும் கீறல்கூட விழாது, ஆயினும் அது செய்யத் தகுந்த காரியமா? ராம்ஸேயே பின்னர் ஒருவகை அணுத் தடுப்புக்கு நியாயம் தேடினார் என்பது வேறு விஷயம். உவமை அவரைவிட நேர்மையாக நின்றுவிட்டது.

எதிர்வாதத்தையும் அதற்குரிய பலத்தோடு சொல்லிவிட வேண்டும். ஆயர்களும் போப்பாண்டவரும் கோழைத்தனத்தால் தயங்கினார்கள் என்று நினைப்பது நியாயமாகாது. கொலை செய்வேன் என்ற எண்ணம், கொலை நிகழாமலிருக்க வேண்டும் என்ற எண்ணத்தின் கருவியாக இருக்கும்போது, இரண்டில் எது அம்மனிதனின் மெய்யான சங்கல்பம் என்பது சுலபமாகத் தீர்க்கக்கூடிய கேள்வி அன்று. 1914க்கும் 1945க்கும் இடையே இரண்டு முறை தன்னைத் தானே தின்ற ஐரோப்பா, அதன்பின் நாற்பது ஆண்டுகள் பெரிய யுத்தமின்றி இருந்தது என்பதும் பிரத்தியட்சம். ஒருவர் மட்டும் ஆயுதத்தைக் கீழே வைத்தால் மற்றவர் உலகத்தை அடிமை கொள்வார் என்ற பயத்தையும் கற்பனை என்று ஒதுக்க முடியாது. 1956இல் புதாபெஸ்தின் வீதிகளில் சோவியத் டாங்கிகளைக் கண்டவர்கள் அதைக் கற்பனை என்று சொல்லமாட்டார்கள்.

இந்தப் பயத்தை நன்கு உணர்ந்திருந்தும் அதற்கு இணங்காதவர் நம்மவர் ஒருவர். பொதுவுடைமையை ராஜாஜியைப் போல் ஓயாமல் எதிர்த்த இந்தியத் தலைவர்கள் குறைவு. 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கியவர் அவர். அவரே, ஒரு தரப்பார் எதிர்த்தரப்பாருக்காகக் காத்திராமல் அணு ஆயுதத்தைக் கைவிட வேண்டும் என்று வெளிப்படையாக வற்புறுத்திவந்தார். 1962 செப்டம்பர் 28 அன்று, 83 வயதில், காந்தி சமாதான நிறுவனத்தின் தூதுக் குழுவுக்குத் தலைமை ஏற்றுச் சென்று வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி கென்னடியைச் சந்தித்து, அணு ஆயுதச் சோதனைகளை நிறுத்தும்படி கேட்டுக்கொண்டார். மூன்று வாரம் முடிவதற்குள் கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பதைக் காட்டும் படங்கள் கென்னடியின் மேஜைக்கு வந்துவிட்டன. காற்று மண்டலத்தில் சோதனைகளை விலக்கும் உடன்படிக்கை 1963 ஆகஸ்டில் மாஸ்கோவில் கையெழுத்தானது. அதற்கு ராஜாஜியின் தூது எவ்வளவு உதவியது என்று அளக்க வழியில்லை, அளக்க வேண்டியதும் இல்லை. எதிரியின் தீமையை முழுமையாக நம்பிய ஒருவரும் அந்தத் தீமைக்கு எதிராக எதையும் செய்யலாம் என்ற முடிவுக்கு வர வேண்டியதில்லை என்பதை அவருடைய வாழ்க்கை காட்டுகிறது. எனக்கு அதுவே பெரிதாகப் படுகிறது.

அச்சத்தால் காத்த சமாதானம் என்ற வாதத்தில் நான் காணும் பெரிய ஓட்டை வேறோரிடத்தில் இருக்கிறது. அதைக் காண 1983-ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். அவ்வாண்டு மார்ச் 8 அன்று ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவில் கூடியிருந்த சுவிசேஷ சபையார் முன்னிலையில் ஜனாதிபதி ரீகன் சோவியத் யூனியனைத் தீமையின் சாம்ராஜ்யம் என்று வருணித்தார். செப்டம்பர் 1 அன்று சோவியத் போர் விமானம் தென் கொரியப் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்த, 269 பேர் மாண்டனர். ஒருவரை ஒருவர் எதற்கும் துணிந்தவரென்று நம்பிய அந்தச் சூழ்நிலையில், செப்டம்பர் 26 அன்று நள்ளிரவு கழிந்த வேளையில், மாஸ்கோவுக்குத் தெற்கே செர்புகோவ்-15 என்னும் கண்காணிப்பு நிலையத்தில் அபாயச் சங்கு அலறிற்று. அமெரிக்காவிலிருந்து ஓர் ஏவுகணை கிளம்பிவிட்டது என்று செயற்கைக்கோள் அறிவித்தது. சற்று நேரத்தில் இரண்டாவது, மூன்றாவது என்று ஐந்து ஆயின. பணியில் இருந்தவர் லெப்டினன்ட் கர்னல் ஸ்தானிஸ்லாவ் பெத்ரோவ். ஏவும் அதிகாரம் அவரிடம் இல்லை. கண்டதை மேலிடத்துக்குத் தெரிவிப்பதே அவர் கடமை. மேலிடத்துக்கு யோசிக்கக் கிடைப்பதோ சில நிமிஷங்களே. உலகத்தை அழிக்க நினைப்பவன் ஐந்தே ஏவுகணைகளைக் கொண்டு தொடங்குவானா என்று அவர் தமக்குள் யோசித்தார். தரையிலிருந்த ராடார்களோ ஒன்றையும் காணவில்லை. கருவி சொன்னதை ஏற்காமல், இது பொய்யான அபாய அறிவிப்பு என்று தெரிவித்தார். உயர்ந்த மேகங்களின் மேல் பட்ட சூரிய ஒளியைக் கருவி ஏவுகணையின் தீயென்று கொண்டுவிட்டது என்பது பிற்பாடு தெரிந்தது. அந்த இரவின் பதிவேட்டைச் சரியாக எழுதவில்லை என்பதற்காக அவர் கண்டிக்கப்பட்டார். தம்மைத் தவிர அக்குழுவிலிருந்த மற்றவர்கள் எல்லாரும் இராணுவக் கல்வி மட்டுமே பெற்றவர்கள் என்றும், அன்றைய முறை வேறொருவருடையதாக இருந்திருந்தால் அபாயச் செய்தி மேலே போயிருக்கும் என்றும் பின்னாளில் பெத்ரோவ் சொல்லியிருக்கிறார்.

இருபத்தொரு ஆண்டு முன்னால், கியூபா நெருக்கடியின் உச்சமான 1962 அக்டோபர் 27 அன்று, இதே போன்ற ஒன்று கடலுக்கடியில் நிகழ்ந்தது. அமெரிக்கக் கப்பல்கள் மேலேயிருந்து எச்சரிக்கை வெடிகளை இறக்க, பி-59 என்னும் சோவியத் நீர்மூழ்கிக் கப்பல் மாஸ்கோவோடு தொடர்பற்று, தாங்க முடியாத வெப்பத்தில், மேலே யுத்தம் தொடங்கிவிட்டதா என்பதே தெரியாமல் தத்தளித்தது. அணு டார்பிடோவை ஆயத்தம் செய்யும்படி கப்பல் தலைவர் சினத்தோடு கட்டளையிட்டார் என்றும், உடனிருந்த வசீலி அர்கிபோவ் அவரைச் சாந்தப்படுத்தித் தடுத்தார் என்றும் அக்கப்பலில் இருந்த அதிகாரி ஒருவர் பின்னாளில் கூறினார். கப்பல் மேலே வந்து திரும்பிப் போயிற்று.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஹெரிங்கின் கதைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன். அச்சத்தால் காக்கும் ஏற்பாட்டுக்குத் தயங்காத மனிதர்கள் தேவை. தயங்கக்கூடியவர் என்று சந்தேகித்தவரை அது வெளியே அனுப்பியது. உலகம் பிழைத்த இரவிலோ, அது பிழைத்தது தயங்கிய மனிதர்களால். எந்தக் குணத்தை அந்த ஏற்பாடு ஒழிக்க முயன்றதோ அந்தக் குணமே எஞ்சியிருந்து அந்த ஏற்பாட்டைக் காப்பாற்றிற்று. புகழ் மட்டும் ஏற்பாட்டுக்குப் போய்விட்டது. சோவியத் யூனியன் 1985 வாக்கில் பெரிமீட்டர் என்ற பெயரால் அமைத்த முறை இத்தர்க்கத்தின் எல்லை: தலைவர்கள் அனைவரும் மாண்டுபோனாலும் பதிலடிக் கட்டளை பாதி தானாகவே புறப்பட்டுப் போகும்படி அது அமைக்கப்பட்டது. அச்சுறுத்தியும் பலிக்காமல், காக்க வேண்டிய நாடு சாம்பலான பிறகு, அந்தப் பதிலடி யாரைக் காக்கும்? எதிரியின் குழந்தைகளைக் கொல்வதைத் தவிர அதற்கு அப்போது வேறு பிரயோஜனமே இல்லை. அந்தப் பிரயோஜனமற்ற கொலையை நிச்சயமாகச் செய்வேன் என்பதுதான் நாற்பது ஆண்டுகள் தினந்தோறும் புதுப்பிக்கப்பட்ட சங்கல்பம். கட்டளை வரவில்லை என்பதனால் அது பாவமற்றதாகிவிட்டது என்று என்னால் கொள்ள முடியவில்லை. சமாதானம் என்ற பெயரும் அளவோடு சொல்ல வேண்டியதே. கொரியா, வியட்நாம், அங்கோலா, ஆஃப்கானிஸ்தான் ஆகிய நாடுகளின் ஜனங்களிடம் அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தால் தெரியும்.

சோவியத் யூனியன் 1991இல் மறைந்தது. மாஸ்கோவின் பேராலயம் நீச்சல் குளத்தை மூடிவிட்டு மறுபடியும் எழுந்தது. சாரோவில் மடமும் ஆயுதக் கூடமும் இன்று பக்கத்தில் பக்கத்தில் நடக்கின்றன. ஜான் பால் நிபந்தனையோடு அனுமதித்ததைப் போப்பாண்டவர் ஃபிரான்சிஸ் 2017இலும், மீண்டும் 2019இல் ஜப்பானிய மண்ணில் நின்றும், கையில் வைத்திருப்பதே ஒழுக்கக்கேடு என்று சொல்லி முடித்துவைத்தார். தேவாலயம் தன் பழைய உபதேசத்துக்குத் திரும்பிவர அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. வல்லரசுகள் இன்னும் வரவில்லை. உலகில் இன்று ஏறத்தாழ 12,000 அணு ஆயுதங்கள் இருக்கின்றன.

அவற்றில் சில நம்முடையவை. 1998 மே மாதத்தில் பொக்ரானில் வெடித்த பிறகு, 2003இல் இந்திய அரசு தன் அணு ஆயுதக் கொள்கையைச் சுருக்கமாக வெளியிட்டது. முதலில் பிரயோகிக்கமாட்டோம் என்பது அதன் ஒரு பகுதி. அதை நாம் பெருமையோடு எடுத்துச் சொல்கிறோம். நம்மீது பிரயோகித்தால் பதிலடி பேரளவினதாக இருக்கும், ஏற்க முடியாத சேதம் விளைவிப்பதற்காகவே அது இருக்கும் என்பது அதே கொள்கையின் மறு பகுதி. மக்நமாரா போட்ட கணக்குக்கும் இதற்கும் தொகையில் வித்தியாசம் உண்டு, வகையில் இல்லை. அந்தச் சங்கல்பம் இப்போது நம் பெயராலும் செய்யப்படுகிறது. ஆகையால் அது தர்மமா என்ற கேள்வியை வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் மட்டும் அனுப்பிவைக்கும் உரிமை நமக்கு இல்லை.